ஜெராக்ஸ் கடையில் பன்னிரண்டு வார்த்தைகள்

கருவூலப் பெட்டகத்தின் சாவிக்கு வெளிக்கடையில் நகல் செய்யக் கூடாது. சாவி ஒரு நிமிடம் பிறர் கைக்குப் போய்த் திரும்பக் கிடைத்தாலும், பூட்டையே மாற்ற வேண்டும். அரசுக் கருவூலத்தில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்தவள் நான். இந்த விதியை மறந்த இரண்டு பேருக்கு என் கையாலேயே மெமோ கொடுத்திருக்கிறேன். சென்ற ஜனவரியில், பெங்களூர் நீலசந்திராவில், மூன்றாவது ஆளாக நானும் அந்தப் பட்டியலில் சேர்ந்தேன். மெமோ கொடுக்கத்தான் யாரும் இல்லை.

என் ஒரே மகள் ஐடி கம்பெனியில் வேலை செய்கிறாள். சொந்த வீட்டுக்கு அட்வான்ஸ் கட்ட வேண்டும் என்று ஆறு வருடமாக மாதாமாதம் கொஞ்சம் பிட்காயின் வாங்கிச் சேர்த்திருந்தாள். கம்பெனி அவளை நான்கு மாதம் ஜெர்மனிக்கு அனுப்பியது. போகும்போது பென் டிரைவ் மாதிரி ஒரு கருவியையும், பன்னிரண்டு ஆங்கில வார்த்தைகள் எழுதிய ஒரு தாளையும் என்னிடம் கொடுத்தாள். கருவி தொலைந்தாலும் அந்த வார்த்தைகளை வைத்து எல்லாவற்றையும் மீட்டுவிடலாம். வார்த்தைகள் வேறொருவருக்குத் தெரிந்துவிட்டால் எல்லாம் அவருக்குப் போய்விடும். “உன்கிட்ட இருந்தா எனக்குப் பயமே இல்லம்மா” என்றாள்.

அவளுக்குப் பயம் இல்லை. எனக்குத்தான் ஆபீஸ் காப்பி இல்லாத ஒரு தாள் வீட்டில் இருந்தால் சாப்பாடு இறங்காது. கருவியோடு வந்த துண்டுப் பிரசுரத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் படித்தேன். வார்த்தைகளை இணையத்தில் சேமிக்காதீர்கள் என்று இருந்தது. நகல் எடுக்காதீர்கள் என்று எங்கும் இல்லை. விதியில் தடை இல்லாதது அனுமதிக்கப்பட்டது. இந்த வாதத்தை வைத்து நான் பல ஆடிட்டர்களை மடக்கியிருக்கிறேன்.

ஜெராக்ஸ் கடைக்காரர் எனக்குப் பத்து வருடப் பழக்கம். “மெஷின் ரிப்பேர் மேடம். போட்டோ புடிச்சு வாட்ஸ்அப் போடுங்க, பிரிண்ட் எடுத்துடலாம். எரடே நிமிஷ” என்று கன்னடத்தில் இரண்டே நிமிடம் கேட்டார். அனுப்பினேன். வார்த்தைகள் அவருடைய பெரிய திரையில் பளிச்சென்று வந்து நின்றன.

“என்ன மேடம், பேத்திக்கு டிக்டேஷனா?”

“ஆமாம்னு வெச்சுக்குங்க. ரெண்டு காப்பி.”

“லேமினேஷன் போடட்டா? தண்ணி பட்டாலும் ஒண்ணும் ஆகாது.”

போடச் சொன்னேன். என் அறிவு அன்று அவ்வளவு கூர்மையாக இருந்தது.

வாடகை ஒப்பந்தம் பிரிண்ட் எடுக்க வந்த ஒரு பெண் எனக்குப் பின்னால் நின்றிருந்தார். நாற்பது வயது இருக்கும். “ஆன்ட்டி, தப்பா நெனைக்காதீங்க. அது கிரிப்டோ வார்த்தையா?” என்று மெதுவாகக் கேட்டார்.

“நீங்க யாரு? எந்த டிபார்ட்மென்ட்?”

“டிபார்ட்மென்ட் எல்லாம் இல்ல ஆன்ட்டி. எங்க வீட்டுக்காரர் இப்படித்தான் போன்ல போட்டோவா வெச்சிருந்தாரு. ஒரே நாள்ல எல்லாம் போச்சு. மொதல்ல அதை மடிச்சு வைங்க. எனக்கும் காட்டாதீங்க.”

சொல்லிவிட்டுத் தெருவைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். ஏமாற்றுபவர் எட்டிப் பார்ப்பார். இவர் பார்க்க மறுத்தார். அதனால்தான் நம்பினேன்.

கடைக்காரரை அழிக்கச் சொன்னேன். “டிலீட் ஆயிடுச்சு மேடம், நோடி, பாருங்க” என்று திரையைக் காட்டினார்.

தெருவைப் பார்த்தபடியே அந்தப் பெண் சொன்னார்: “அழிச்சா பத்தாது ஆன்ட்டி. வேற எங்கெல்லாம் போச்சுன்னு யாருக்குத் தெரியும்? புதுசா வேற வார்த்தை போட்டு, இருக்கறதை எல்லாம் அதுக்கு மாத்திடுங்க. யாராவது உதவி பண்றேன்னு வந்தாலும் வார்த்தையைச் சொல்லாதீங்க. நானே வந்து கேட்டாலும்.”

நான் எழுதிய மெமோவை எனக்கே யாரோ வாசித்துக் காட்டுவது போல இருந்தது.

வீட்டுக்கு வந்து மகளை அழைத்தேன். அங்கே இன்னும் விடியவில்லை. நடந்ததைக் கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன்.

“லேமினேஷன் வேற போட்டியா?”

“போட்டேன்.”

“ரெண்டு பேருக்கு மெமோ குடுத்த கை.”

“திட்டறதை அப்புறம் வெச்சுக்கலாம். என்ன செய்யணும், வரிசையா சொல்லு.”

இன்னொரு கருவி, உறை பிரிக்காமல், அவளுடைய பீரோவில் இருந்தது. அதை இயக்கியதும் புதிதாகப் பன்னிரண்டு வார்த்தைகள் வந்தன. அவற்றை வாய்விட்டுப் படிக்கக் கூடாது என்றாள். கையால் இரண்டு தாளில் எழுதி, ஒவ்வொரு எழுத்தாகச் சரிபார்த்தேன். பழைய கணக்கிலிருந்து முதலில் மிகச் சிறிய தொகையைப் புதியதற்கு அனுப்பினோம். “சீக்கிரம்மா, சீக்கிரம்” என்று அவள் பதறினாள். அது வந்து சேரும்வரை அடுத்த பொத்தானைத் தொட மாட்டேன் என்றேன். வந்தது. பெறும் முகவரியைக் கருவியின் திரையிலும் கம்ப்யூட்டர் திரையிலும் ஒப்பிட்டுப் படித்துவிட்டு மீதியையும் அனுப்பினேன். பழைய கணக்கில் ஒரு மசால் தோசைக்கு ஆகிற சில்லறை மட்டும் தங்கியது. எல்லாம் சரியாக வந்துவிட்டதை மகள் உறுதிசெய்தபோது மணி மூன்று. அன்று நான் சாப்பிட்ட ஆறிப்போன ரசம் சாதத்துக்கு இணையாக இன்றுவரை எதுவும் ருசிக்கவில்லை. லேமினேஷன் போட்ட இரண்டையும் கத்தரித்துப் போட்டேன்.

ஒன்பதாம் நாள் கடைக்காரரின் வாட்ஸ்அப்பை யாரோ கைப்பற்றி, அவர் பெயரில் எல்லோரிடமும் அவசரமாகப் பணம் கேட்டார்கள். எனக்கும் செய்தி வந்தது. பழைய கணக்கைத் திறந்து பார்த்தேன். தோசைக் காசு காணவில்லை. கடைக்காரர் அழித்த படம் வேறெங்கோ தங்கியிருந்திருக்கிறது. என் மகளின் ஆறு வருட உழைப்பைத் தேடி வந்த திருடனுக்குக் கிடைத்தது அவ்வளவுதான். சட்னிக்குக் கூட அவன் தன் பையிலிருந்துதான் போட்டிருக்க வேண்டும். மகளிடம் சொன்னேன். மூன்று நிமிடம் சிரித்தாள். நானும்தான்.

கடைக்காரருக்கு அவருடைய கணக்கை மீட்க மனு எழுதிக் கொடுத்தேன். பிறகு கருவி தயாரிக்கும் நிறுவனத்துக்கு ஒரு கடிதம். கடையில் நகல் எடுப்பதும் தடை என்று துண்டுப் பிரசுரத்தில் வெளிப்படையாக அச்சிட வேண்டும் என்று கேட்டு, வாசகத்தையும் நானே எழுதி அனுப்பினேன். பதில் இல்லை. நினைவூட்டல் ஒன்று, இரண்டு, மூன்று.

விதிகளைப் பிறருக்கு வாசித்தே பழகிய எனக்கு, என் மேல் பாயும் ஒரு விதியை, பெயர்கூடச் சொல்லாத ஒரு பெண் முகத்தைத் திருப்பிக்கொண்டு வாசித்தாரே, அதை நினைத்தால் இன்றும் என் குரல் கொஞ்சம் தணிகிறது. அவரிடம் சொல்ல ஆசைப்படும் செய்தி ஒன்று உண்டு: என் வாசகத்தை ஒரு சொல்லும் மாற்றாமல் துண்டுப் பிரசுரத்தின் அடுத்த பதிப்பில் சேர்ப்பதாக நிறுவனத்தின் பதில் வந்துவிட்டது, யுகாதிக்கு மறுநாள்.