அளவு நோட்டு இருந்த ஃபோல்டர்

சும்மா கிடைக்கும் எதையும் நான் நாலு தடவை திருப்பிப் பார்க்காமல் வாங்கமாட்டேன். கம்ப்யூட்டரை ஓட்டும் லினக்ஸைக் காசில்லாமல் தருகிறார்கள் என்று வீடியோவில் பார்த்தபோதும் அப்படித்தான், இதில் என்ன வில்லங்கமோ என்று மூடிவிட்டேன். அதன் உள்ளே எழுதியிருப்பதை யார் வேண்டுமானாலும் படித்துப் பார்க்கலாம் என்று பிறகு தெரிந்தது. எதையும் மறைக்காதவர்கள்மேல் எனக்குக் கொஞ்சம் நம்பிக்கை வரும்.

உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்தெருவில் பிளவுஸ் தைக்கும் கடை வைத்திருக்கிறேன். முகூர்த்த மாதங்களில் ஃபோன் ஓயாது. "அக்கா, தைச்சிட்டியா?" இதற்கே பதில் சொல்லிக்கொண்டிருந்தால் எப்போது தைப்பது? பில் நம்பரைப் பார்த்தால் தைத்தாயிற்றா இல்லையா என்று தெரிகிற மாதிரி இன்டர்நெட்டில் ஒரு பக்கம் வேண்டும். அதை முகம் தெரியாத எவனோ ஒருவனின் கம்ப்யூட்டரில் வைக்க எனக்கு மனசு வரவில்லை.

பழைய கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கி, அதில் லினக்ஸை ஏற்றி, வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்து, பதினோரு நாளில் கடையிலேயே சொந்தமாக ஒரு வெப் சர்வரை ஓடவிட்டேன். என் வீட்டுக்காரருக்கு ஒரகடத்தில் கம்பெனி வேலை. "இன்னாத்துக்கு உனுக்கு இந்த பேஜாரு? உன் ஜாக்கெட்ட எவன் வந்து திருடப் போறான்?" என்றார். பாஸ்வேர்டை அவருக்குக்கூடச் சொல்லவில்லை. வெளியிலிருந்து என் சர்வருக்கு வழி திறந்துவிட இன்டர்நெட் இணைப்புக்காரர் வந்தபோது, அவர் விரல் எந்தெந்தப் பட்டனில் போகிறது என்று பின்னாலேயே நின்று பார்த்தேன்.

பில்லோடு அந்தப் பக்கத்தின் முகவரியையும் வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். ஃபோன் அடங்கியது. எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்த மிதப்பில் அளவு நோட்டையும் சர்வரில் ஏற்றினேன். துணி வெட்டும்போது ஃபோனிலேயே பார்த்துக்கொள்ளலாம் அல்லவா?

என்னிடம் தைப்பவர்களில் ஒரு டீச்சர் உண்டு. கட்டி வந்து இடது மார்பை எடுத்துவிட்டார்கள். அவர் பள்ளிக்கூடத்தில் ஒருவருக்கும் தெரியாது. தைப்பவளிடம் மறைக்க முடியாதே என்று என்னிடம் மட்டும் சொன்னார், அதுவும் கடைக் கதவைச் சாத்தச் சொல்லிவிட்டு. அவருடைய பிளவுஸில் இடது பக்கம் உள்ளே பஞ்சு வைத்துத் தைப்பேன்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் அவர் வந்து தன் ஃபோனை நீட்டினார். அவர் பெயர், தெரு, அளவுகள், கீழே நான் எழுதிய வரி: இடது பக்கம் இல்லை, பஞ்சு.

"இது எப்டிம்மா வெளிய வந்துச்சு?"

"தெரில டீச்சர்" என்றேன். அவர் ஃபோனை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

சாயங்காலம் வேலையிலிருந்து வந்த வீட்டுக்காரரை வாசலிலேயே பிடித்தேன். "நீதான் எதையோ நோண்டிக்கீற."

"பாஸ்வேர்டே தெரியாதவன் எப்டி நோண்டுவான்?" என்றவர், அப்புறம் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. எதிர்க்கடைத் தையல்காரி என்னைப் பார்த்துச் சிரித்தபோது அவள்தானோ என்று தோன்றியது. இணைப்புக்காரரைக் கூப்பிட்டுக் கத்தினேன். "நான் வழிய மட்டுந்தான்க்கா தொறந்தேன்" என்றார் அவர் பொறுமையாக. "யாரு வந்தாங்க, எதத் தொறந்தாங்கன்னு உன் சர்வரே எழுதி வச்சிக்கினு கீது. அதப் பாரேன்."

பார்த்தேன். யாரும் எதையும் உடைத்துக்கொண்டு நுழையவில்லை. பில் பக்கங்கள் இருந்த அதே ஃபோல்டரில் அளவு நோட்டையும் வைத்தவள் நான். முகப்புப் பக்கம் இல்லாத ஃபோல்டரைக் கேட்டால், உள்ளே இருப்பதையெல்லாம் என் சர்வர் வரிசையாகக் காட்டிவிடும். காட்டாதே என்று ஒரு வரி எழுத வேண்டும். அதுவும் வீடியோவில் இருந்தது, அவசரத்தில் நான்தான் தள்ளிவிட்டிருக்கிறேன். டீச்சர் செய்ததெல்லாம், நான் அனுப்பிய முகவரியின் கடைசித் துண்டை, அதாவது தன் பில் நம்பரை, அழித்துப் பார்த்ததுதான். அவரும் என்னைப்போல் எதையும் திருப்பிப் பார்க்கிறவர் போலிருக்கிறது.

வெட்கமாக இருந்தது. ஆனால் அதைவிடப் பயமாக இருந்தது. டீச்சருக்கு முன்னாலேயே வேறு இரண்டு இன்டர்நெட் எண்களிலிருந்து அவருடைய பக்கத்தைத் திறந்திருந்தார்கள். எங்கேயோ இருந்து பக்கங்களைத் தானாகத் திறந்து பார்க்கும் ஏதாவது இயந்திரமா, நம் ஊர் ஆளா, எண்ணை வைத்துக் கண்டுபிடிக்க எனக்கு வழி தெரியவில்லை.

அளவு நோட்டைச் சர்வரிலிருந்து அழித்தேன். டீச்சர் வீட்டுக்குப் போய் வாசலில் நின்றபடியே தப்பு என்னுடையது என்றேன். அந்த இரண்டு எண்களைப் பற்றியும் மறைக்காமல் சொன்னேன். முழுவதையும் கேட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். அன்றிலிருந்து கடைக்கு வருகிறவர்கள் டீச்சர் தெருப் பேச்சை எடுத்தாலே அவர்கள் கண்ணை உற்றுப் பார்க்கிறேன். பார்த்து ஒன்றும் தெரிந்ததில்லை.

நாலு மாதம் கழித்து, கையில் பட்டுத் துணியோடு டீச்சர் வந்தார். இந்த முறை கடைக் கதவை அவரே சாத்தினார். நான் டேப்பை மட்டும் எடுத்தேன்.

"எங்கியும் எழுதல டீச்சர், மனசுலயே வச்சிக்கிறேன். என்ன நம்பி மறுபடியும் வந்தீங்களே, அதுவே போதும்."

"உன்ன நம்பியெல்லாம் வரலம்மா" என்றார், கையைத் தூக்கி அளவுக்கு நின்றபடி. "இன்னொருத்திகிட்ட போய் மொதல்லேர்ந்து சொல்ல என்னால முடியல."