உப்பில்லாக் கஞ்சி

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் கடைசியில், பினாங்கு துறைமுகத்தை அடுத்த ஒரு கிடங்கில் நான் கணக்கெழுதும் கிராணி வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் காலையில் சப்பாத்துக்குள் கால் நுழையவில்லை. கண்ணாடியில் பார்த்தால் முகமும் ஊதியிருந்தது. ஆஸ்பத்திரியில் டாக்டர் என் கணுக்காலை விரலால் அழுத்திப் பார்த்தார். விழுந்த குழி மேலே எழவே இல்லை. சிறுநீரகம் கெட்டுவிட்டது, இனி உப்பை நாக்கில் வைக்கக் கூடாது, வைத்தால் நீர் நெஞ்சுவரை ஏறிவிடும் என்றார். எனக்கு அப்போது இருபத்தெட்டு வயது. மனைவி பிள்ளைப்பேற்றுக்கு ஊருக்குப் போயிருந்தாள்.

வீடு என்று ஒன்று இருந்தால் உப்பில்லாமல் சமைத்துக்கொள்ளலாம். நானோ கடைக்கு மேலே இருந்த ஓர் அறையில் இன்னும் நான்கு பேரோடு தங்கியிருந்தேன். தீப்பிடித்துவிடும் என்று அங்கே அடுப்பு மூட்டவிடமாட்டார்கள். மூன்று வேளையும் வெளியில்தான் சாப்பாடு.

வழக்கமாகச் சாப்பிடும் தமிழ்க் கடைக்காரரிடம், உப்புப் போடும் முன் எனக்குக் கொஞ்சம் காய் எடுத்து வைக்க முடியுமா என்று கேட்டேன். அவர் கெட்டவர் இல்லை. ஆனாலும் முகம் கறுத்துப்போயிற்று.

"கிராணி ஐயா, தப்பா நெனைக்காதீங்க. உப்பில்லாம எலை போடறது சாவு வீட்டுலதான். நாலு பேரு சாப்பிடற கடையில அதை எப்படிங்க செய்யறது?"

பக்கத்து இலைக்காரர் சட்டென்று என்னை விட்டு நகர்ந்து உட்கார்ந்தார். வெறும் சோற்றைத் தண்ணீர் ஊற்றிப் பிசைந்து தின்றுவிட்டு எழுந்தேன். அறையில் இருந்தவர்களும், "உப்பில்லாப் பண்டம் குப்பையிலேன்னு சும்மாவா சொன்னாங்க" என்று சிரித்தார்கள். விளையாட்டுக்குத்தான் சொன்னார்கள். ஆனால் சாவைப் பற்றி நினைத்துக்கொண்டிருப்பவனுக்கு அது விளையாட்டாகத் தெரியவில்லை. அதன்பிறகு அவர்களோடு சாப்பிடப் போவதை நிறுத்திக்கொண்டேன்.

துறைமுகத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் சீனப் பெண்மணி ஒருத்தி கஞ்சி விற்றுக்கொண்டிருந்தாள். நாற்பது வயதிருக்கும். மூட்டை தூக்கும் சீனக் கூலிகள்தான் அவளிடம் வருவார்கள். கஞ்சியில் உப்பே கிடையாது. கருவாடு, உப்பு முட்டை, ஊறவைத்த கீரை எல்லாம் தனித்தனிக் கிண்ணத்தில் தொட்டுக்கொள்ள இருக்கும். எனக்கு வெறும் கஞ்சி போதும் என்றேன். அங்கே என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை. அதுவே பெரிய ஆறுதலாக இருந்தது.

சில நாள் கழித்து அவள் என் கால்களைக் கவனித்துவிட்டாள். மறுநாள் என் கஞ்சியின் ஓரத்தில் பாதி உப்பு முட்டை இருந்தது. எடுத்து வைத்துவிட்டேன். அடுத்த நாள் கருவாடு. அதையும் ஒதுக்கினேன். காசில்லாதவன் என்று நினைத்துப் பரிதாபப்படுகிறாள் போலும் என்று எனக்குக் கூச்சமாக இருந்தது. மலாயில், "காராம் தா போலே", உப்பு கூடாது, என்று சொல்லிப் பார்த்தேன். அவள் நம்பவில்லை.

பிறகு ஒருநாள் நான் போய் உட்கார்ந்ததும் பானையை மூடிவிட்டாள். கஞ்சி கிடையாதாம். என் காலைக் காட்டி, உடைந்த மலாயில் படபடவென்று பேசினாள். "லாக்கி மாத்தி" என்று அவள் திரும்பத் திரும்பச் சொன்னது மட்டும் புரிந்தது. புருஷன் செத்துப்போனான். மலாய் நன்றாகத் தெரிந்த ஒரு கூலி மீதியைச் சொன்னான். அவள் புருஷன் ரிக்‌ஷா இழுத்தவன். ஊருக்குப் பணம் அனுப்புவதற்காகத் தொட்டுக்கொள்ள எதுவும் வாங்காமல் வெறும் வெள்ளைக் கஞ்சியையே குடித்தானாம். இதே மாதிரி கால் வீங்கி, ஒருநாள் மூச்சு முட்டி விழுந்துவிட்டானாம். "இவளும் கஞ்சியை ஊத்திக் குடுத்துக்கிட்டே இருந்தாளாம். இன்னொருத்தனுக்கு அப்படி ஊத்த மாட்டாளாம்."

அவள் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். பசியோடு எழுந்து போனேன்.

அந்த வாரம் ஆஸ்பத்திரிக்குப் போனபோது, மருந்து கொடுக்கும் தமிழ் டிரெஸ்ஸரிடம் இதைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"அந்தப் பொம்பள சொல்றது பெரிபெரி, தம்பி. தீட்டின வெள்ளை அரிசியை மட்டும் தின்னா வர்றது. உங்களுக்கு வந்தது வேற. ஆனா இப்படியே வெறுங்கஞ்சி குடிச்சீங்கன்னா அதுவும் சேர்ந்து வந்துரும். பச்சைப்பயறு சேர்த்துக்குங்க, மீன் கொஞ்சம் சேர்த்துக்குங்க. உப்பு மட்டும் ஆகாது."

மறுநாள் ஒரு பொட்டலம் பச்சைப்பயறோடு அவள் முன்னால் போய் நின்றேன். அந்தக் கூலிதான் எங்கள் இருவருக்கும் நடுவே பேசினான். இரண்டு வீக்கமும் வேறு வேறு என்பது அவளுக்குப் புரிந்ததோ என்னவோ. பயறைக் கையில் கொட்டிப் பார்த்தாள், பானையைத் திறந்தாள். அன்றிலிருந்து எனக்கென்று சின்னச் சட்டியில் பயறு வேகும். மீனில் உப்பு படும் முன்னே ஒரு துண்டை இஞ்சியோடு அவித்து வைத்துவிடுவாள். நேரம் தவறிப் போனால் திட்டுவாள். அந்த ஊரில் நான் சாப்பிட்டேனா என்று பார்க்க அவள் ஒருத்திதான் இருந்தாள்.

மழைக்காலத்தில் காய்ச்சல் வந்து நோய் முற்றிவிட்டது. கிடங்கில் மயங்கி விழுந்த என்னை ரிக்‌ஷாவில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். வண்டி அவள் கடை இருந்த சந்தின் வழியாகத்தான் போனது. அவள் கத்திக்கொண்டு கூடவே ஓடிவந்தது காதில் விழுந்தது. வீங்கிய இமையைத் திறக்க முடியவில்லை. கையைத் தூக்கப் பார்த்தேன், அதுவும் வரவில்லை.

இரண்டு மாதத்துக்கு மேல் படுக்கையில் கிடந்தேன். எப்படியோ பிழைத்துக்கொண்டேன். நடக்க முடிந்த அன்றே அந்தச் சந்துக்குப் போனேன். அவள் இடத்தில் ஒருவன் கயிறு விற்றுக்கொண்டிருந்தான். பழைய கூலி என்னைப் பார்த்துத் திடுக்கிட்டான். நான் இறந்துவிட்டதாகவே எல்லாரும் நினைத்தார்களாம். அவள் பல நாள் சாக்கடை ஓரத்தில் ஒரு கிண்ணம் கஞ்சி வைத்து, ஊதுவத்தி கொளுத்தி, எனக்காகக் கும்பிட்டாளாம். பிறகு அங்கே இருக்கப் பிடிக்காமல் கடையை எடுத்துக்கொண்டு போய்விட்டாளாம்.

அக்கரையில் பத்து காவான் என்ற ஊர்ப்பக்கம் அவளுக்கு உறவுண்டு என்றார்கள். படகேறிப் போய் விசாரித்தேன். பெயரே தெரியாத ஒருத்தியை யாரிடம் என்ன சொல்லிக் கேட்பது? சீனாவுக்கே கப்பலேறிவிட்டாள் என்றும் சிலர் சொன்னார்கள்.

இப்போது மனைவியும் பிள்ளையும் இங்கே என்னோடு இருக்கிறார்கள். எனக்கென்று வீட்டில் தனிச்சட்டி. எல்லாரும் என்னைப் பிழைத்து வந்தவன் என்கிறார்கள். ஆனால் எங்கோ ஒருத்தி, தன் கஞ்சியைக் குடித்துச் செத்தவர்களில் என்னையும் ஒருவனாக எண்ணிக்கொண்டிருப்பாள். உயிரோடுதான் இருக்கிறேன் அம்மா என்ற ஒரு வார்த்தையை அவளிடம் சேர்க்க வழியில்லாமல்தான் ஒவ்வொரு வேளையும் சாப்பிட உட்காருகிறேன்.