பொம்மை ரயிலின் மலை

தரைத்தள வீட்டில் மாப்பிள்ளை தன் பொம்மை ரயில்பாதையோரம் வரைந்த ஆற்றுக்கு வார்னிஷ் பூசினார். அந்த வாசனை என்னை எண்பதுகளின் கோட்டூர்புரத்துக்கு இழுத்தது.

அப்பாவும் இப்படித்தான், பெரிய பலகையில் தண்டவாளம் பதித்து, பிளாஸ்டரில் மலை எழுப்பி, சாயமேற்றிய மரத்தூளைப் புல்லாக ஒட்டினார். எல்லாமே அறைக்குள்.

ஐப்பசிக் கடைசியில் அடையாறு பெருகி வீட்டுக்குள் வந்தது. பலகையை மாடிக்குக் கொண்டுபோகத் தூக்கினோம். கதவு நிலையில் இடித்தது. சாய்த்தால் மலை உடையும்.

“கதவை அளக்கலியா?” என்றாள் அம்மா.

“ரயிலை அளந்தேன்டி.”

“மலையை வெட்டிடு நைனா!” என்று வெளியிலிருந்து கத்தினார் பக்கத்து வீட்டுக்காரர். அப்பா ரம்பத்தை எடுத்தார், கீழே வைத்தார். பலகை அறையிலேயே நின்றது; புல் மட்டும் பசை விட்டு மிதந்து, எங்களுக்கு முன்னால் வெளியேறியது.

“இதைப் பிரிச்சு எடுக்க முடியுமா?” என்று மாப்பிள்ளையிடம் கேட்டேன்.

“எதுக்கு மாமா? இங்கேயேதானே இருக்கப்போகுது” என்றார்.