படித்துறையில் ஒரு சட்டை

கொடி மாறிய பிறகும் காரைக்கால் ஆபீஸ்களில் மாறாத ஒன்று இருந்தது: பிரெஞ்சுக்காரர்கள் பழக்கிவிட்டுப் போன நீண்ட மத்தியான இடைவேளை. ஊரே கதவைச் சாத்திக்கொண்டு தூங்கும். வேலைக்குச் சேர்ந்து ஓராண்டுகூட ஆகாத குமாஸ்தா நான். எனக்குத் தூக்கம் வராது. சைக்கிளை எடுத்துக்கொண்டு அரசலாற்றுக்குப் போய்விடுவேன்.

நீச்சலில் அப்போது எனக்கு அப்படி ஒரு வெறி. ஞாயிற்றுக்கிழமைகளில் நண்பர்கள் நாலைந்து பேர் படித்துறையில் கூடுவோம். கப்பல்காரக் குடும்பத்து நண்பன் ஒருவன்தான் எங்களுக்குத் தலைவன். அவனுடைய வாப்பா சைகோனிலிருந்து கொண்டுவந்த கடிகாரத்தைக் கையில் பிடித்தபடி கரையில் நிற்பான். பாலம்வரை நேராகப் போகவேண்டும், நேராகத் திரும்பவேண்டும், அதுவும் போன வாரத்தைவிட வேகமாக. நடுவில் நின்று மூச்சு வாங்கினால் திட்டு விழும். உடம்பு தேறியது, உண்மைதான். ஆனால் ஆறு எப்படி இருந்தது என்று யாராவது கேட்டிருந்தால் எனக்குச் சொல்லத் தெரிந்திருக்காது.

அதனால்தான் மத்தியானங்களில் தனியாக இறங்க ஆரம்பித்தேன். எந்தத் திட்டமும் கிடையாது. ஒரு நாள் கால்களை மட்டும் அடித்துக்கொண்டு போவேன். ஒரு நாள் மல்லாந்து கிடப்பேன். திடீரென்று வேகம் வந்து எதிர்க்கரைக்குப் பாய்வேன். சின்ன வயதில் எல்லோரும் இப்படித்தான் நீந்துகிறோம். வேலை, சம்பளம், பொறுப்பு என்று வந்த பிறகு நீச்சலையும் இன்னோர் ஆபீஸாக்கிவிடுகிறோம். கேட்க ஆளில்லாத அந்தத் தண்ணீரில்தான், வெதுவெதுப்பான மேல்நீருக்குக் கீழே குளிர்ந்த நீர் வேறொரு பக்கமாக நழுவுவதை என் கால்கள் கண்டுகொண்டன.

இதைக் கடிகார நண்பனிடம் சொன்னேன்.

"ஒத்தையில போயி என்ன மாப்ள பண்றே, மீனுக்குப் பாடம் நடத்துறியா?" என்றான். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு, "துணிய மட்டும் படித்துறையில வச்சிட்டு எறங்கு. மழைக்காலம் வருது," என்றான்.

அது எங்கள் பக்கத்து வழக்கம். கோடையில் கடல் மணலைத் தள்ளி ஆற்றின் வாயை அடைத்துவிடும். ஐப்பசி மழை கொட்டியதும் வடிய வழியின்றித் தண்ணீர் மேற்கே வயல்களில் ஏறும். அப்போது விவசாயிகள் மண்வெட்டியோடு வந்து மணல்மேட்டை வெட்டிவிடுவார்கள். தேங்கிய ஆறு முழுக்க அந்த வெட்டுவாய் வழியே கடலுக்குப் பாயும். வெட்டுவதற்கு முன் ஒருவர் படித்துறைக்கு வந்து பார்ப்பார். படியில் துணி இருந்தால் ஆற்றில் ஆள் இருக்கிறது என்று அர்த்தம். அந்த ஆள் ஏறும்வரை மண்வெட்டிகள் காத்திருக்கும்.

அந்த ஐப்பசியில் விடாமல் பெய்த மழை ஒரு மத்தியானம் ஓய்ந்தது. வெயிலும் இல்லை, காற்றும் இல்லை. படித்துறையில் மேல்படியைத் தவிர எல்லாம் முழுகியிருந்தன. தண்ணீர் டிகாஷன் நிறத்தில் கிடந்தது. அழுகிய நாற்றின் வாடை. எப்போதும் கொக்குகள் நிற்கும் கரையில் ஒன்றுகூட இல்லை. அங்கே இறங்க எனக்கு மனம் வரவில்லை. பாலத்தைக் கடந்து தென்கரைக்குச் சைக்கிளை விட்டேன். தோப்புக்குள் ஒரு தென்னையடியில் சட்டையையும் வேட்டியையும் சுருட்டி வைத்துவிட்டு இறங்கினேன்.

மல்லாந்து கிடந்தேன். வானம் தாழ்ந்து ஈயத்தகடுபோல் இருந்தது. கண்ணோரத்தில் தென்னங்கீற்றுகள். நான் கையையும் அசைக்கவில்லை, காலையும் அசைக்கவில்லை. கீற்றுகள் மட்டும் மெதுவாக மேற்கே போய்க்கொண்டிருந்தன.

கொஞ்ச நேரம் அதை அழகு என்றுகூட நினைத்தேன். பிறகு முதுகுக்குக் கீழே குளிர்நீர் வெடுக்கென்று இழுத்தது. கவிழ்ந்து பார்த்தேன். தோப்பு பின்னால் போயிருந்தது. முன்னால் மணல்மேட்டில் சின்னச் சின்னதாக ஆட்கள். அவர்களுக்கு நடுவே கடல் தெரிந்தது. அங்கே கடல் தெரியக்கூடாது.

கத்தினேன். அலைச் சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைப் பழக்கம் கையில் ஏறியது: புறப்பட்ட இடத்துக்கு நேராக, முழு வேகத்தில். அடித்தேன், அடித்தேன். கரையில் ஒற்றைப் பனைமரம் ஒன்று எனக்குப் பக்கத்தில் இருந்தது. தலையைத் தூக்கிப் பார்த்தபோது அது எனக்கு முன்னால் எட்டப் போயிருந்தது. இன்னும் கொஞ்சம் அப்படி அடித்திருந்தால் கடல் என்னை வாங்கிக்கொண்டிருக்கும்.

நிறுத்தினேன். துணிச்சலால் அல்ல, கை ஓய்ந்துவிட்டது. மறுபடி மல்லாந்தேன். சும்மா கிடந்த அத்தனை மத்தியானங்களும் அப்போது உதவிக்கு வந்தன. இழுப்பு எல்லா இடத்திலும் ஒரேபோல் இல்லை என்று கால் சொன்னது. தென்கரைப் பக்கம் தண்ணீர் வெதுவெதுப்பாக, இழுப்புக் குறைவாக இருந்தது. இழுத்த இழுப்புக்குப் போய்க்கொண்டே, காலை மட்டும் அடித்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறுக்கே நழுவினேன். வெட்டுவாயின் இரைச்சல் காதுக்குள் வந்துவிட்ட பிறகுதான் முழங்கால் சேற்றில் இடித்தது.

மண்வெட்டிக்காரர்கள் ஓடிவந்து சூழ்ந்துகொண்டார்கள்.

"எங்கேருந்து வர்றீங்க தம்பி? படித்துறையில துணியே இல்லியே. நான்தானே போயிப் பாத்தேன்," என்றார் மேற்கே நெடுங்காடு கிராமத்திலிருந்து வந்திருந்த ஒருவர்.

"தோப்புல வச்சேன்."

"ஏன், படி என்னா பண்ணுச்சு ஒங்கள?" என்றார் இன்னொருவர். "தேங்காய்க்குக் காவலா வச்சீங்க சட்டைய?"

யாரும் சிரிக்கவில்லை. வெட்டுவாயில் இடிந்து விழுந்துகொண்டிருந்த மணலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

தனியாக நீந்துவதை நான் விடவில்லை. எவ்வளவு, எப்படி என்பதை இன்றும் தண்ணீருக்குள் போனபிறகுதான் முடிவு செய்கிறேன். சட்டை மட்டும் படித்துறையில், மேல்படியில்.

அடுத்த ஐப்பசியிலும் மழை. ஒரு மத்தியானம் ஆற்றிலிருந்து தலையைத் தூக்கினேன். அதே நெடுங்காட்டுக்காரர் என் சட்டைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். கூப்பிடவில்லை. எவ்வளவு நேரமாக நிற்கிறாரோ. மேற்கே அவருடைய நடவு முழுகிக்கொண்டிருக்கும். வேகமாக ஏறினேன். சட்டையை எடுத்து நீட்டினார்.

"உள்ள வேற யாராச்சும் இருக்காங்களா தம்பி?"

இல்லை என்பது வாய்வரை வந்துவிட்டது. திரும்பி ஆற்றைப் பார்த்தேன். பழுப்புத் தண்ணீரில் அசைவே இல்லை. எதிர்க்கரையில் தோப்பு, வரிசை வரிசையாக மரங்கள். எந்த மரத்தின் அடியும் இங்கிருந்து தெரியவில்லை.

"கொஞ்சம் பொறுங்க," என்று சொல்லிவிட்டு, ஈரத்தோடு சைக்கிளைப் பாலத்துப் பக்கம் திருப்பினேன்.