தோணிக்காரன் திரும்பி வராத ஆட்டம்

ஒரு கதையை முடிக்கத் தெரியாதவர்கள் அதைத் தொடங்கவே கூடாது. ஏதோ நாவலைப் படித்துவிட்டு இதைச் சொல்லவில்லை. டிவியில் கொளுவி விளையாடும் ஒரு ஆட்டத்தைப் பற்றித்தான் சொல்கிறேன். சிரிக்கிறவர்கள் சிரித்துவிட்டு வாருங்கள். அந்த ஆட்டத்தின் முடிவில் இளவரசிக்கு அவளுடைய கோட்டை கிடைத்தது. கள்ளனுக்குக் கலியாணம் நடந்தது. வழியெல்லாம் மூட்டை சுமந்த கழுதைக்குக்கூட ஒரு புல்வெளியைக் காட்டினார்கள். தோணிக்காரன் என்ன ஆனான் என்பதற்கு மட்டும் ஒரு வார்த்தை இல்லை. வருடங்கள் எவ்வளவோ போய்விட்டன. அந்த வயிற்றெரிச்சல் எனக்கு இன்னும் ஆறவில்லை.

அந்த ஆட்டப் பெட்டியைக் கட்டாரிலிருந்து கொண்டு வந்தவர் மச்சான், என் ராத்தாவின் மாப்பிள்ளை. பொத்துவில்காரர். எங்கள் வழக்கப்படி கலியாணம் முடித்து ராத்தாவின் வீட்டுக்கு, கல்முனைக்கு வந்தவர். வாப்பா மௌத்தாகி அடக்கமானபின், உம்மா றியாதில் ஒரு வீட்டில் வேலைக்குப் போயிருந்த காலம் அது. ஏ லெவல் படித்துக்கொண்டிருந்த தங்கச்சி நானும் அவர்களோடுதான் இருந்தேன். மச்சான் விளையாடுவார், திரையில் வரும் இங்கிலீசை நான் அகராதியை வைத்துக்கொண்டு வாசித்துச் சொல்வேன். பாதி பிழையாகத்தான் சொல்லியிருப்பேன். அவருக்கு அது பெரிய விசயமில்லை.

ஆட்டம் தொடங்கும்போது ஆட்களுக்குப் பெயர் வைக்கச் சொல்லும். வாசித்துச் சொன்னதற்குக் கூலியாக வீரனுக்கு என் பெயரைப் போட்டார். இளவரசிக்கு ராத்தாவின் பெயர். ஆற்றங்கரையில் வந்து சேரும் தோணிக்காரனுக்குத் தன் பெயரை வைத்துக்கொண்டார்.

"நமக்கு ராசா வேலயெல்லாம் சரிவராது புள்ள. தோணி காணும்," என்றார். அதுவே போதுமாம்.

ஆறு எழுத்துக்கு மேல் பெயர் எழுதும் பெட்டிக்குள் கொள்ளாது. அவர் பெயர் இங்கிலீசில் ஏழு எழுத்து. கடைசி எழுத்து வெட்டுப்பட்ட பெயரோடுதான் தோணிக்காரன் ஆட்டத்தில் இருந்தான். ராத்தாவுக்கு இங்கிலீசு வராது. ஆனால் கட்டார் கடிதங்களின் முதுகில் நாலு வருடம் பார்த்துப் பழகியதால் அந்தப் பெயரை மட்டும் அவள் எங்கே கண்டாலும் வாசித்துவிடுவாள்.

பெரும்போக நெல் வெட்டுக் காலத்தில் ஒரு காலை மச்சான் சவளக்கடைப் பக்கம் எங்கள் வயலுக்குப் போனார். பகல் சோற்றுக்கு வருகிறேன் என்றுதான் போனார். சைக்கிள் வாய்க்கால் கட்டில் சாத்தியபடி கிடைத்தது. பூட்டியிருந்தது. ஆள் இல்லை. யார் கொண்டுபோனார்கள் என்று நான் எழுதப் போவதில்லை. அன்றைக்குக் கேட்ட ஒவ்வொருவரும் ஒவ்வொருவரைச் சொன்னார்கள். அடுத்த நாள் பொத்துவிலிலிருந்து அவருடைய உம்மா, எங்கள் மாமி, ஒரு சின்னப் பையோடு பஸ்ஸில் வந்து இறங்கினார். மகனைக் கட்டிக்கொடுத்த வீட்டில் போய் இருக்கும் வழக்கம் எங்கள் ஊர்களில் இல்லை. மாமி இருந்துவிட்டார். நாங்களும் போங்கள் என்று சொல்லவில்லை.

அதன்பிறகு ராத்தாவுக்கு மௌத்தானவர்களின் பட்டியல் பார்ப்பதுதான் வேலை. முகாம் வாசலில் ஒட்டுவது, ஆஸ்பத்திரிச் சுவரில் ஒட்டுவது, யாரோ பிரதி எடுத்துக்கொண்டு வருவது. முட்டாக்கை இழுத்துப் போட்டுக்கொண்டு போவாள். விரலை வைத்து ஒவ்வொரு வரியாக இறங்குவாள். வீட்டுக்கு வந்ததும், "இல்ல," என்பாள். அந்த ஒரு சொல்லைக் கேட்டுவிட்டுத்தான் மாமி சோறு போட எழும்புவார்.

பத்துப் பதினொரு மாதம் போனபின் ஒரு பகல், சும்மா இருக்க முடியாமல், நான் பெட்டியைக் கொளுவினேன். மச்சான் விட்ட இடத்திலிருந்து ஆட்டம் தொடங்கியது. தோணிக்காரன் துடுப்புப் போட்டுக்கொண்டிருந்தான். தலைக்கு மேலே அந்த ஆறு எழுத்து. அடுப்படியிலிருந்து வந்த ராத்தா அப்படியே நிலத்தில் குந்திவிட்டாள். அன்றிலிருந்து லுஹர் தொழுதுவிட்டு மூன்று பேரும் டிவிக்கு முன்னால்தான். நான் விளையாடுவேன், ராத்தா தோணிக்காரனைப் பார்ப்பாள், மாமி ராத்தாவைப் பார்ப்பார்.

பத்து நாள் போயிருக்கும். எதிரிகள் துரத்தி வருகிறார்கள். தோணிக்காரன் ஒரு கரையில் குதித்தான். நீங்கள் முன்னால் போங்கள், நான் இவர்களை மறித்துவிட்டு வந்து சேருகிறேன் என்றான். வாசித்துச் சொன்னேன். அதற்குப் பிறகு அவன் வரவில்லை. அடுத்த ஊரிலும் இல்லை, அதற்கடுத்த ஊரிலும் இல்லை.

"அவரக் கிறுக்கிக் கொண்டுவா," என்றாள் ராத்தா. திருப்பிக் கொண்டுவரச் சொல்கிறாள்.

"ஏலா ராத்தா."

"மச்சான் வெச்ச இடத்துக்குப் போ. அங்க இரிக்காருதானே."

அங்கேதான் என் தலையில் மண் விழுந்தது. ஆட்டத்தைச் சேமிக்கும் அந்தச் சின்ன மெமரி கார்டில் மச்சானின் பந்தாட்டமும் கார் ஓட்டமும் நிறைந்திருந்தன. இந்த ஆட்டத்துக்கு ஒரே ஒரு இடம்தான். முதல் நாளே, யோசிக்காமல், அவர் வைத்த இடத்துக்கு மேலே நான் எழுதிவிட்டேன். மச்சான் தன் கையால் விட்டுப்போன ஒன்றை அழித்தவள் நான். சொன்னபோது ராத்தா ஏசவில்லை. ஏசியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும்.

"அப்ப முடி," என்றாள். "முடிவுல வருவாரு."

மச்சான் காணாமல் போய் ஒரு வருடம் ஆனபோது மாமி பள்ளிவாசலுக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறார். மகனுக்குக் காயிப் ஜனாஸா தொழுவிக்க வேண்டும் என்று. மையித்து, அதாவது உடல், இல்லாமல், ஆளை மனத்தில் வைத்துத் தொழும் ஜனாஸாத் தொழுகை அது. எங்கள் குடிக்குப் பொறுப்பான மரைக்கார் ஒரு திங்கட்கிழமை வந்தார். மனைவியின் வாய்ச்சொல் இல்லாமல் தொழுவிக்க மாட்டோம் என்றார். ராத்தா ஓம் என்றால் வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு தொழுவார்கள். அன்றிலிருந்து அவள் விதவைக்குரிய இத்தா இருக்க வேண்டும். நாலு மாதமும் பத்து நாளும். அதோடு மச்சான் மௌத்து. பிறகு அவர் சட்டையை யாருக்காவது கொடுத்துவிடலாம்.

ராத்தா கதவு மறைவில் நின்றுகொண்டு, "வியாழக்கிழம அசறுக்குப் புறகு வாங்க, செல்றன்," என்றாள்.

மரைக்கார் போனதும் என் பக்கம் திரும்பினாள். "வியாழனுக்குள்ள அத முடிச்சுப் போடு."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "ராத்தா, அது ஆட்டம். எந்த நாட்டிலயோ இரிக்கிறவன் சல்லிக்குச் செய்தது. அவனுக்கு மச்சானத் தெரியுமா?"

"எனக்குத் தெரிஞ்ச ஆக்கள் எல்லாரையும் கேட்டுட்டன் புள்ள," என்றாள். "இனி ஆரக் கேக்க?"

நான் பெட்டியைத் திரும்பக் கொளுவினேன்.

செவ்வாய் முழுக்கக் கரண்ட் இல்லை. புதன் வந்து வந்து போனது. வியாழன் லுஹருக்குப் பிறகு கடைசிச் சண்டைக்குப் போனேன். இரண்டு தரம் தோற்றேன். மாமி தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டு ஸலவாத்துச் சொல்லிக்கொண்டிருந்தார். மகனை மௌத்தாக்கித் தொழக் கேட்டவரும் அவர்தான், அவன் உயிரோடு வர ஓதுகிறவரும் அவர்தான். அதில் எந்த முரணும் அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை. மூன்றாம் தரம் வென்றேன். பின்னேரத் தொழுகை, அசறுக்குப் பாங்கு கேட்டது.

முடிவு ஓடத் தொடங்கியது. இளவரசி, கள்ளன், கழுதை என்று ஒவ்வொருவராக வந்தார்கள். கடைசியில் ஆற்றங்கரையைக் காட்டினார்கள். ராத்தா முழங்காலில் எழுந்துவிட்டாள். கரையில் வெறும் தோணி. அதற்குப் பிறகு வானம். அதோடு சரி. வீரன் தேடினானா, இளவரசி ஒரு தரம் கேட்டாளா, எதுவும் இல்லை. நாற்பது மணித்தியாலம் எங்களை இழுத்துக்கொண்டு போன பாவிகள் அந்த ஒரு மனிதனைக் கரையில் விட்டதையே மறந்துபோனார்கள்.

திரை கறுப்பாகியது. சோகமான ஒரு வாத்திய இசையோடு வெள்ளை எழுத்தில் பெயர்கள் கீழிருந்து மேலே போகத் தொடங்கின. பெயர், பெயர், பெயர். ராத்தா டிவிக்குக் கிட்டப் போனாள். ஒரு வருடமாகச் சுவர்களில் வைத்த அதே விரலைக் கண்ணாடியில் வைத்தாள்.

"இது மௌத்தானவங்கட லிஸ்ட்டா?"

அது ஆட்டத்தைச் செய்தவர்களின் பெயர். படம் கீறியவர், பாட்டுப் போட்டவர், கணக்குப் பார்த்தவர். எனக்கு அது தெரியும். அந்த நேரம் வாயில் சொல் வரவில்லை என்று நான் இப்போது சொன்னால் அது பொய். சொல் வந்தது. அவள் முதுகைப் பார்த்தேன், விழுங்கிவிட்டேன்.

"ஓம்," என்றேன்.

அவள் ஒவ்வொரு பெயரையும் விரலால் பிடித்துப் பிடித்து மேலே அனுப்பினாள். ஒரு இடத்தில் அவருடைய முதல் மூன்று எழுத்தோடு ஒரு பெயர் வந்தது. அவள் இடது கை என் தோளை வந்து இறுக்கியது. நாலாவது எழுத்து வேறு. கை இளகியது. எவ்வளவு நேரம் ஓடியதோ, எல்லாம் முடிந்து திரை வெறுமையானபோது அவள் மெதுவாகச் சொன்னாள்.

"இல்ல."

வாசல் கடப்படியில் மரைக்கார் செருமும் சத்தம் கேட்டது. ராத்தா முட்டாக்கைச் சரிசெய்துகொண்டு கதவு மறைவுக்குப் போனாள். அவள் குரல் அப்படித் தெளிவாக இருந்து நான் ஒரு வருடம் கேட்டிருக்கவில்லை.

"தொழுவிக்க வேணாம். அவருட பேர் லிஸ்ட்டுல இல்ல."

"எந்த லிஸ்ட்டுல மகள்?"

"எல்லா லிஸ்ட்டுலயும்தான்."

 "அல்லாஹ் போதுமானவன்," என்று சொல்லிவிட்டு மரைக்கார் போனார்.

அடுத்த நாள் ஜும்ஆ முடிந்து ஆட்கள் வீடுகளுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். ராத்தா கிணற்றடியில் இருந்தாள். மாமி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"புள்ள, அந்த ஆட்டத்துல அவ்வளவு பேரா மௌத்தானது? நானும் பாத்துக்கிட்டுத்தானே இருந்தன். நாலஞ்சு பேர்தான் உழுந்தானுகள்."

எழுத வாசிக்கத் தெரியாத மனிசி. ஆனால் எண்ணியிருக்கிறார். என்னால் அதற்கு மேல் அடக்கி வைத்திருக்க முடியவில்லை. "அது ஆட்டத்தச் செய்தவங்கட பேர் மாமி," என்றேன். அழுகையும் வந்துவிட்டது.

மாமி தஸ்பீஹை மடியில் வைத்தார். "அப்ப அவன்ட பேர் அதுல வராதுதானே."

"வராது."

கிணற்றில் வாளி விழும் சத்தம் இரண்டு தரம் கேட்டது.

"அவளுக்குச் செல்லிராத," என்றார்.

"அப்ப உங்கட மகனுக்கு மாமி? தொழுகை?"

"நான் கேக்கிற துஆ அவனுக்குக் காணும். அவள் ராவுல கண்ண மூடிப் படுத்தாள் புள்ள. ஒரு வருசத்துக்கு நேத்துத்தான் படுத்தாள்." பிறகு, டிவியைப் பார்த்துக்கொண்டு, "அவன் தோணியில இரிக்கிற இடத்த இன்னொருக்காக் காட்ட ஏலாதா?" என்று கேட்டார்.

ஏலாது, நான்தான் அழித்துவிட்டேன் என்று இரண்டாம் முறை சொல்ல எனக்குத் தெம்பு இல்லை. "முதல்ல இருந்து தொடங்கினா வருவாரு மாமி," என்றேன். பெயர் கேட்கும் பெட்டி வந்தது. நான் ஒவ்வொரு எழுத்தாக அமத்த, மாமி விரல் மடித்து எண்ணினார்.

"ஆறுதானா? அவன்ட பேர் ஏழெல்லோ. அவன் செல்லுவான்."

"ஏழாவது கொள்ளாது மாமி."

"கைசேதம்," என்று வருத்தப்பட்டார்.

தோணிக்காரன் வந்து சேர ஐந்து பகல் எடுத்தது. அவன் குதிக்கும் கரைக்கு முந்திய திருப்பத்தில் ஆட்டத்தைச் சேமித்தேன். அதற்கு மேல் போகவில்லை. விளையாட வேண்டும் என்று வந்தால் தோணி அந்த வளைவு மட்டும் போகும், திரும்ப வரும். ராத்தாவும் வந்து பார்ப்பாள். ஏன் மேலே போகவில்லை என்று ஒரு நாளும் கேட்கவில்லை.

அடுத்த வருடம் கடற்காற்றில் பெட்டியின் உள்ளே துருப் பிடித்தது. அதே வருடம் மாமியும் மௌத்தானார். எங்கள் வீட்டில்தான், ராத்தாவின் மடியில். மையித்தை எடுக்கும் முன் மரைக்கார் கதவருகே வந்து, உம்மாவுக்குத் தொழும்போது மகனையும் சேர்த்து மனத்தில் நிய்யத்து வைத்துத் தொழுவிப்போமா என்று கேட்டார். அவர் கேட்டதில் பிழை இல்லை. அதைவிட நல்ல நேரம் வராது. மாமி முதலில் கேட்டதும் அதைத்தான், பிறகு ராத்தாவுக்காக வாய் மூடியதும் அதைப் பற்றித்தான்.

ராத்தா என்னைப் பார்த்தாள். "நீயும் பாத்தாய்தானே. அவருட பேர் வரல்லதானே?"

மாமி வெள்ளைத் துணிக்குள் கிடந்தார். நான், "வரல்ல ராத்தா," என்றேன்.

பள்ளியில் மாமிக்கு மட்டும் தொழுதார்கள்.