கறுத்த ராசாவும் என் பவுடரும்

கடந்த ஞாயிறு எங்கள் பங்குத் தேவாலய மண்டபத்தில் இளைஞர் மன்றத்தார் பழைய ஆங்கிலத் துப்பறியும் படமொன்றைத் திரையிட்டார்கள். கதாநாயகன் சீனத் துப்பறிவாளர். நடித்தவரோ வெள்ளைக்காரர்! இமைகளை இழுத்து ஒட்டி, மெல்லிய மீசையைத் தொங்கவிட்டு, முகத்தில் எதையோ பூசி...

உண்மையான சீனர்களும் இருவர் படத்தில் இருந்தார்கள். ஒருவர் தேநீர் கொண்டுவந்தார். மற்றவர் முதற்காட்சியிலேயே கொலையுண்டார்.

படம் முடிந்ததும் கருத்துரைக்க என்னை அழைத்தார்கள். பட்டிமன்றங்களில் கேடயம் வாங்கியவன் இருக்க, வேறு யாரை அழைப்பார்கள்? எழுந்தேன். வலக்கையை உயர்த்தினேன்.

"இன்னொருவன் முகத்தை எடுத்துப் பூசிக்கொள்வது கலையா — களவா? வேடம் போட்டவன் அரியணையில். முகத்துக்கு உரியவன் அடுக்களையில்! ஏற்போமா இந்த அநீதியை?"

கைதட்டலில் கூரைத்தகடு அதிர்ந்தது. அத்தோடு உட்கார்ந்திருக்கலாம். உட்காரவில்லை.

"இனி எந்த மேடையிலும் இதனை அனுமதியோம்!"

முன்வரிசையில் ஜெசிந்தா மச்சாள் கையுயர்த்தினாள். மாமாவின் மகள்; என் வகுப்புத் தோழி; மூன்று அரசர் குழந்தை யேசுவைத் தேடிவரும் மூவிராசாக்கள் நாடகத்தை இவ்வாண்டு பழக்குகிறவள்.

"அப்ப மச்சான், கறுத்த ராசாவுக்கு நாங்கள் கரி பூசிறது?"

வாசகர்களே, கறுத்த ராசா நான்தான்! மூவரில் ஆப்பிரிக்காவிலிருந்து வருகிற அவருக்குத்தான் நல்ல பாட்டு, பெரிய முடி. ஒரு மாதமாகக் குளியலறையில், ராசா மேடைக்கு வரும்போது பாடும் வரவுப்பாட்டு ஒலிக்கிறது. நறுவிலிக்குளத்து மாமிமார் வேன் பிடித்து வர இருக்கிறார்கள்.

"அது... எங்கட பாரம்பரியமெல்லோ?"

"ஓகோ! வெள்ளைக்காரன் பூசினால் களவு, நீங்கள் பூசினால் பாரம்பரியமோ? சரி, உங்கட கொள்கையைக் கெடுப்பானேன்? ராசாவை வேறை ஆளுக்குக் குடுக்கிறன்."

மண்டபம் சிரித்தது.

"ஐயோ, வேண்டாம் மச்சாள்! கரி பூசாமலே நடிக்கிறன். நான் கறுப்புத்தானே!"

என் வாழ்வின் மிகச் சுருக்கமான உரை அதுதான்.

அவள் அருகே வந்து என் கன்னத்தை உற்றுப் பார்த்தாள்.

"சரி, ராசா உங்களுக்குத்தான். கரி வேண்டாம். ஆனா ஒத்திகைக்கு வரேக்கை இந்தப் பவுடரையும் கழுவிப்போட்டு வாங்கோ. வேர்வையிலை கோடுகோடா வடியுது."

தொட்டுப் பார்த்தேன். விரல் வெளுத்திருந்தது. மேடையேறும்போதெல்லாம், சற்று நிறமாகத் தெரியட்டும் என்று நான் அப்பிக்கொள்கிற அதே பவுடர்!

அன்று மண்டபத்தில் இருந்த உண்மையான துப்பறிவாளர், முகத்தில் எதையும் பூசியிருக்கவில்லை.