ஒரே கோடு என்றாள் கலா

ஒன்றரை மாதம் இருக்கும். ஒரு திங்கட்கிழமை காலை, மாடிப் போர்ஷனில் குடியிருக்கும் கலா படியைப் பிடித்துப் பிடித்து இறங்கி வந்தாள். முகம் வெளிறிப்போயிருந்தது.

"அக்கா, செத்த நேரம் படுத்துக்கிடட்டுமா? வயித்துல இடது பக்கமா இழுக்கு."

கலாவுக்குக் கல்யாணமாகி ஐந்து வருஷம். ராஜபாளையத்தில் ஒரு ஸ்பின்னிங் மில்லில் வேலை. கணவர் முருகேசன் லாரி டிரைவர் — ஆலங்குளத்தில் சிமென்ட் ஏற்றிப் போனால் திரும்பி வர மூன்று நாள் ஆகும். மாதம் தவறாமல் மாமியாரிடமிருந்து போன் வரும். "என்னம்மா, ஏதும் விசேஷமா?" கேட்கிறவருக்கு ரெண்டே வார்த்தை. பதில் சொல்கிறவளுக்கு?

"நாள் தள்ளிப்போச்சாட்டி?" என்றேன்.

"தள்ளித்தான் போச்சு. கர்ப்பம் பார்க்குற கார்டு வாங்கிப் பார்த்தேன்க்கா. ஒரே கோடுதான். நேத்துலருந்து லேசா ரத்தம் படுது. சரி, வந்துருச்சுன்னு வலி மாத்திரை போட்டுக்கிட்டேன்."

"எப்ப பார்த்த?"

"ரெண்டு நாள் தள்ளினதுமே. சாயங்காலம், ஷிஃப்ட் முடிஞ்சு வந்து."

மில் சூட்டுக்கு நாளெல்லாம் தண்ணீர் குடிக்கிறவள் அவள். எனக்கு என்னவோ மனசு கேட்கவில்லை. ஆட்டோ பிடித்து ஸ்ரீவில்லிபுத்தூரில் தெரிந்த ஒரு டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனேன்.

அங்கே மறுபடி யூரின் டெஸ்ட். பக்கத்தில் இன்னொரு கோடு — மங்கலாக. கலா என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "அக்கா... ரெண்டு கோடு!"

டாக்டரம்மா சிரிக்கவில்லை. ரத்தம் எடுக்கச் சொன்னார்.

"அதான் இதுலயே தெரிஞ்சுருச்சே டாக்டர்?" என்றேன்.

"இது உண்டா, இல்லையான்னு மட்டும்தான்மா சொல்லும். சீக்கிரமே பார்த்தா, தண்ணி நிறைய குடிச்சிட்டுப் பார்த்தா, உள்ளதையே இல்லைன்னு காட்டிரும். காலையில முதல் யூரின்ல பார்க்கணும். இல்லைன்னு வந்தும் நாள் வரலைன்னா, சில நாள் கழிச்சுத் திரும்பவும் பார்க்கணும். ரத்தத்துல பார்த்தா ஹார்மோன் எம்புட்டுன்னு நம்பராவே வரும். ரெண்டு நாள்ல அது நல்லா ஏறணும்."

அந்த ரெண்டு நாளும் கலாவை எங்கள் வீட்டிலேயே வைத்துக்கொண்டேன். வலி கூடினாலோ, தலை சுற்றினாலோ உடனே கிளம்பி வர வேண்டும் — டாக்டர் உத்தரவு.

நம்பர் ஏறத்தான் செய்தது. ஆனால் நொண்டி நொண்டி.

அடுத்து ஸ்கேன். முருகேசனும் லாரியை விட்டுவிட்டு நேரே வந்துவிட்டார். கர்ப்பப்பை காலி. கரு இடது பக்கக் குழாயில் உட்கார்ந்திருந்தது. அங்கே அது வளர முடியாது. விட்டால் குழாய் வெடித்து உயிருக்கே ஆபத்து. சின்னதாக இருக்கும்போதே தெரிந்துவிட்டதால், ஊசி போட்டே கரைத்துப் பார்க்கலாம் என்றார் டாக்டரம்மா.

முருகேசன் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "அப்ப இது கர்ப்பம்தானா டாக்டர்?"

"கர்ப்பம்தான்ப்பா. இடம்தான் தப்பு."

அதுவரை அடக்கிக்கொண்டிருந்த கலா அப்போதுதான் உடைந்தாள். ஆட்டோவில் என் காதோடு கேட்டாள். "அப்ப... எனக்கும் உண்டாகும்லக்கா?"

கையைத் தட்டிக்கொடுத்தேன்.

பேப்பரில் சுற்றித்தான் கார்டு வாங்குகிறோம். கதவைச் சாத்திக்கொண்டு பார்க்கிறோம். ஒரு கோடு வந்தால் கண்ணைத் துடைத்துக்கொண்டு வேலைக்குக் கிளம்பிவிடுகிறோம். அட்டையில் எழுதியிருப்பதை யார் படிக்கிறோம்? மூன்று பிள்ளை பெற்ற எனக்கே இதெல்லாம் இப்போதுதான் தெரிகிறது!

ஊசிக்குப் பிறகு வாராவாரம் ரத்தப் பரிசோதனை. பிள்ளைக்காக ஐந்து வருஷம் காத்திருந்தவள், நம்பர் குறைய வேண்டும் என்று வேண்டிக்கொண்டு லேப் வாசலில் உட்கார்ந்திருந்தாள். போன வியாழக்கிழமை அது ஐந்துக்குக் கீழே இறங்கிவிட்டது. இனி பயமில்லை, கொஞ்ச மாதம் பொறுத்து முயற்சி செய்யலாம் என்றார் டாக்டரம்மா.

சந்தோஷப்படுவதா, அழுவதா? எங்கள் ரெண்டு பேருக்குமே தெரியவில்லை. பஸ் ஸ்டாண்டில் ஆளுக்கொரு டீ குடித்தோம்.

"அடுத்த தடவை விடியக்காலையிலயே பார்க்கேன்க்கா. ஒங்களையும் எழுப்புவேன்" என்றாள்.

எழுப்பட்டும்... அதைவிட எனக்கு வேறென்ன வேலை?